350 எஞ்சினுக்கு 750 கார்புரேட்டர் தேவையா?

கேள்வி: 1970 செவ்ரோலே செவெல் வைத்திருக்கிறேன். 350 கன அங்குல எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர். கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), ஹெட் எதையும் மாற்றவில்லை. 750 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) டபுள் பம்பர், அதாவது பெட்ரோல் பாய்ச்சும் பம்பு இரண்டு உள்ள கார்புரேட்டர், போட்டால் வண்டி பறக்கும் என்கிறார்கள். போடலாமா?

வேண்டாம். உங்கள் வண்டிக்கு 600 சிஎஃப்எம் போதும், அதுவும் வேக்கம் செகண்டரி (பின்பக்கக் காற்றுவழிகள் எஞ்சினின் உறிஞ்சலுக்கு ஏற்பத் தானே திறக்கும் வகை) உள்ளதாக வாங்குங்கள். கணக்கே போட்டுப் பார்த்துவிடலாம்.

கன அங்குலத்தை உச்ச ஆர்பிஎம்மால் பெருக்கி 3456ஆல் வகுத்தால், எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்றை இழுக்கும் என்று தெரிந்துவிடும். கேம் மாற்றாத 350க்கு 5500க்கு மேல் வேலையே இல்லை. 557 வரும். சிலிண்டர் ஒவ்வொரு முறையும் முழுசாக நிரம்பாது, ரோட்டில் ஓடும் எஞ்சினுக்கு 85 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆக 473. 600 போட்டாலே தாராளம்.

சரி, பெரிதாக இருந்தால் என்ன கெட்டுவிடும்? கார்புரேட்டருக்குள் இருக்கும் வென்சுரி என்ற காற்றுவழியின் குறுகிய கழுத்தில் காற்று வேகமாகப் பாயும்போதுதான் அங்கே அழுத்தம் குறைந்து பெட்ரோல் உறிஞ்சப்படுகிறது. கழுத்து அகலமானால் காற்றின் வேகம் குறையும், பெட்ரோலும் ஒழுங்காக வராது. டபுள் பம்பரில் செகண்டரி பட்டர்ஃபிளைகளை (பின்பக்கக் காற்றுவழிக் கதவுகளை) திறப்பது உங்கள் கால்தான். 1800 ஆர்பிஎம்மில் பெடலை அமுக்கினால் எஞ்சின் கேட்காத காற்றும் சேர்ந்து உள்ளே போகும், வண்டி ஒரு கணம் திணறிவிட்டுத்தான் கிளம்பும். எடை குறைந்த வண்டி, கையால் மாற்றும் கியர், முரட்டு கேம் என்றால் டபுள் பம்பர் அருமையான சாமான். கனமான, ஆட்டோமேட்டிக் செவெலுக்கு அது பொருந்தாது.

வேக்கம் செகண்டரியில் எஞ்சின் இழுக்கும் காற்றின் வேகத்தைப் பொறுத்துத்தான் பின்பக்க பேரல்கள் (காற்றுவழிகள்) திறக்கும். ஹாலி கம்பெனி கார்புரேட்டரில் பக்கவாட்டில் இருக்கும் வட்டமான டயஃப்ரம் (மெல்லிய சவ்வு) டப்பாவுக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கும். அதை மாற்றினால் செகண்டரி எப்போது திறக்க வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யலாம். லேசான ஸ்பிரிங் என்றால் சீக்கிரம் திறக்கும்.

நான் சொல்வது ஹாலி 1850, அல்லது எடல்பிராக் 1406. இரண்டும் 600தான். எடல்பிராக்கில் டயஃப்ரம் இல்லை, அதற்குப் பதில் காற்றின் இழுப்புக்கு ஏற்ப விலகும் தகடு இருக்கிறது. அடிக்கடி கழற்றி ட்யூன் செய்யும் ஆசை இருந்தால் ஹாலி. மாட்டிவிட்டு ஓட்டினால் போதும் என்றால் எலெக்ட்ரிக் சோக்கோடு (குளிர்ந்த எஞ்சின் கிளம்ப உதவுவது) வரும் எடல்பிராக். ஆனால் எடல்பிராக்குக்கு பெட்ரோல் அழுத்தம் 6.5 பிஎஸ்ஐயைத் தாண்டக் கூடாது, ஃப்ளோட் ஊசி தாங்காமல் பெட்ரோல் வழியும்.

உங்கள் வண்டியில் கம்பெனி போட்ட ரோச்செஸ்டர் குவாட்ராஜெட் இன்னும் இருக்கிறதா? இருந்தால் தயவுசெய்து தூக்கி எறியாதீர்கள். அதுவும் 750 அளவுதான், ஆனால் முன்பக்க பேரல்கள் மிகச் சிறியவை, அதனால் சாதாரண ஓட்டத்தில் மைலேஜும் பிக்கப்பும் நன்றாக இருக்கும். பெரிய செகண்டரிகளுக்கு மேலே ஒரு காற்றுத் தகடு இருக்கிறது, எஞ்சின் கேட்கும் அளவுக்குத்தான் அது விலகும். நன்றாக ஓவர்ஹால் செய்த குவாட்ராஜெட்டைவிட இந்த வண்டிக்குப் பொருத்தமானது இல்லை என்பேன். அப்புறம், அதன் மேனிஃபோல்டு (கார்புரேட்டர் உட்காரும் பகுதி) ஸ்ப்ரெட் போர், அதாவது பின் துளைகள் முன் துளைகளைவிடப் பெரியவை. ஹாலி 1850 ஸ்கொயர் போர், துளைகள் ஏறக்குறைய ஒரே அளவு, அடாப்டர் இல்லாமல் உட்காராது. உங்கள் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் டிஎச்350 என்றால், பெடலை அமுக்கும்போது கீழ் கியருக்கு இறக்கும் கிக்டவுன் கேபிளையும் புதிய கார்புரேட்டரில் சரியாக மாட்ட வேண்டும்.

'கமாரோ இசட்-28இன் 302 எஞ்சினுக்கே கம்பெனி 780 ஹாலி கொடுத்ததே' என்று நண்பர்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அது 7000 வரை சுற்றுவதற்கென்றே செய்த எஞ்சின், கியரும் மேனுவல். அந்த ஹாலியும் வேக்கம் செகண்டரிதான்.

காசு கொடுப்பதற்கு முன் மேனிஃபோல்டில் ஒரு வேக்கம் கேஜ் மாட்டி, பாதுகாப்பான இடத்தில் பெடலை முழுசாக மிதித்து உச்ச ஆர்பிஎம் வரை ஓட்டிப் பாருங்கள். முள் 1.5 அங்குல (பாதரச அளவு) வேக்கத்துக்குக் கீழேயே நின்றால் இப்போது இருக்கும் கார்புரேட்டர் எஞ்சினுக்கு வேண்டிய காற்றைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது, பெரியது வாங்கத் தேவையில்லை.