காயாத ஸ்வெட்டரும் எட்டாத ஆணியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொடைக்கானலில் இரண்டு அறை வாடகை வீடு எங்களுடையது. மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று. வெளியே போய் வந்தால் ஸ்வெட்டர் ஒரு மூலையில், சாக்ஸ் கட்டிலுக்கடியில், ஷூ வாசலில் கவிழ்ந்து கிடக்கும். இந்த ஐப்பசி மழையில் அலமாரியைத் திறந்தாலே பூஞ்சை நாற்றம். 'எடுத்து வை, எடுத்து வை' என்று கத்தி எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். மாமியார் பாவம், பின்னாலேயே பொறுக்கிக்கொண்டு வருகிறார். அடித்தால்தான் ஒழுங்கு வருமா?

ம., கொடைக்கானல்

அன்புள்ள ம.,

அடி வேண்டாம். உங்கள் மகள் ஒருநாள் சொன்ன பேச்சைக் கேட்டு ஸ்வெட்டரை மடித்து அலமாரியில் வைத்தாள் என்றே வையுங்கள். அந்தப் பூஞ்சை நாற்றத்துக்கு அவளும் ஒரு காரணமாகியிருப்பாள். சமவெளிக்காரர்கள் சொல்லும் 'எடுத்து வை' மலையில் செல்லாது. இங்கே முதல் வேலை காயவைப்பது.

வாசலை ஒட்டி ஒரு மூங்கில் கூடையைக் கவிழ்த்து வையுங்கள். ஈரக் கம்பளியைக் கொக்கியில் மாட்டினால் தண்ணீர் கனத்தில் தோள் இழுபட்டுத் தொங்கிவிடும். கூடைமேல் பரப்பினால் வடிவம் கெடாது. ஸ்வெட்டரின் கையைத் தொட்டுப் பார்த்து ஈரமா இல்லையா என்று மகள் சொல்லிவிடுவாள். சின்னவனுக்கு அந்தக் கணக்கு வேண்டாம், அவனுடையது எல்லாமே கூடைக்குத்தான். சீக்கிரம் காயட்டும் என்று மூடிய அறையில் கரிக் கணப்பு மட்டும் வைத்துவிடாதீர்கள். அதன் புகையில்லாத நச்சுவாயு தூக்கத்திலேயே உயிரை எடுக்கும்.

காய்ந்ததை மாட்ட, அவரவர் தோள் உயரத்தில் இடம் வேண்டும். தரையிலிருந்து மகனுக்கு ஏறக்குறைய இரண்டேகால் அடி, மகளுக்கு மூன்று அடி. அக்காவின் கொக்கி தம்பியின் கண் உயரத்துக்கு வருகிறது, கவனியுங்கள். இரும்பு ஆணி கூடாது, முனை உருண்ட மரக்குமிழாக இருக்கட்டும். ஸ்வெட்டர் தடிமன் என்பதால் குமிழ்களுக்கிடையே ஒரு சாண் விடுங்கள். கழுத்தின் உட்பக்கம் இரண்டு விரல் நுழையுமளவு ஒரு நாடா வளையம் தைத்துவிடுங்கள். பல வீடுகளில் ஸ்வெட்டர் தரையில் கிடப்பது, மாட்டினாலும் வழுக்கி விழுவதால்தான்.

ஷூவுக்குத் தனி வித்தை ஒன்றுமில்லை. ஒரு சாக்கில் இரண்டு ஜோடிக்கும் பாத அச்சு வரைந்துவிட்டால் சின்னவன் விளையாட்டாகவே பொருத்தி வைப்பான்.

பொம்மைகளில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம். மாண்டிசோரி கல்விமுறையைத் தந்த மரியா மாண்டிசோரி உங்கள் ஊரிலேயே 1942 முதல் 1944 வரை இருந்தவர். சின்னப் பிள்ளைகளுக்கு ஒழுங்கின்மேல் இயல்பாகவே ஒரு பசி உண்டு என்பது அவர் கண்டது. அதனால்தான் அவர் வழிவந்த பள்ளிகளில் கைக்கெட்டும் திறந்த அலமாரித் தட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். நம் வீடுகளில் முப்பது பொம்மையை ஒரே பெட்டியில் கொட்டிவிட்டு, பிள்ளை அதைக் கவிழ்த்துத் தேடினால் கோபப்படுகிறோம்.

ஆறேழு பொம்மைகள் மட்டும் வெளியே இருக்கட்டும். மற்றவற்றைக் கட்டிவைத்து இரண்டு வாரத்துக்கொருமுறை மாற்றுங்கள். மூடியில்லாத கூடைகள் நல்லது. மூடி என்றால் ஒரு வேலை இரண்டாகிவிடும். அட்டைப்பெட்டி வேண்டவே வேண்டாம், ஈரத்தை உறிஞ்சி அதுவே பூஞ்சை பிடிக்கும். அலமாரியையும் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப் போடுங்கள்.

இனி உங்கள் தொண்டை. 'எல்லாத்தையும் எடுத்து வை' என்றால் மூன்று வயதுக்கு எங்கே தொடங்குவதென்றே தெரியாது. 'கட்டைகளைக் கூடையில் போடு' என்று ஒன்றைச் சொல்லி, நீங்களும் இரண்டைப் போடுங்கள். முடிந்ததும் அடுத்தது. இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஐந்து நிமிடம் போதும். தூக்கம் சொக்கும் நேரத்தில் தொடங்கினால் அழுகைதான் மிஞ்சும். மகள் பள்ளிப்பையை இரவே அடுக்கட்டும். அவளுக்கு வாசிக்க வரும்வரை டிபன் பை, தண்ணீர் பாட்டில், நோட்டு, குடை நான்கையும் படமாக வரைந்து கதவில் ஒட்டுங்கள். ஒரு மாதமாவது பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கும்.

அவள் கோணலாக மடித்ததை அவள் கண்ணெதிரே பிரித்து மடிக்காதீர்கள், மறுநாள் கை வைக்கமாட்டாள். மாமியாரிடமும் இதைச் சொல்லுங்கள். அவருக்கு வேறு வேலை இருக்கிறது: ஈர ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து, படுக்கப்போகுமுன் அது நனைந்திருந்தால் மாற்றுவது.