தோட்டம் முழுக்க ஒரே வாழையின் நகல்கள் வேண்டாம்

கேள்வி: ஒரே ரகத் திசு வளர்ப்பு வாழைக்கன்றுகளைத் தோட்டம் முழுக்க நடலாமா? 'லேபில் வளர்ந்தது, நோயே வராது' என்கிறார் முகவர். விதையில்லாமலே இப்படிப் பெருக முடியும் என்றால், ஆணும் பெண்ணும் சேர்ந்து பெருகும் முறை எதற்கு?

பதில்: முகவர் சொல்வது பாதி உண்மை. வைரஸ் சோதனை செய்த கன்றென்றால் லேபை விட்டு வரும்போது நோய் இருக்காது, சரி. ஆனால் உங்கள் மண்ணில் வாடல் பூஞ்சை இருந்தால் அதைத் தாங்கும் சக்தி லேபில் கிடைத்துவிடாது. தாய் எப்படியோ கன்றும் அப்படியே. இதை மறைத்து விற்பவரிடம் வாங்காதீர்கள். சான்றிதழ்களும் பெரும்பாலும் வைரஸ் இல்லை, ரகம் சரி என்பதோடு நின்றுவிடுகின்றன. எந்த வாடலைத் தாங்கும் என்று அட்டையில் எழுத வைக்க யாரும் மெனக்கெடுவதில்லை. எத்தனை முறை சொல்வது!

உங்கள் அடுத்த கேள்விக்கும் பதில் இந்தப் பூஞ்சையிடம்தான் இருக்கிறது. இணையில்லாமல் பெருகினால் ஆண்களைப் பெற்று வளர்க்கும் செலவு மிச்சம். ஆனால் நோய்க்கிருமிகள் நம் பயிர்களைவிட வேகமாகத் தலைமுறை மாறுகின்றன. ஒரு செடியை வீழ்த்தப் பழகிய கிருமி அதன் நகல்கள் அத்தனையையும் வீழ்த்தும். இணைசேர்ந்து பிறந்தவற்றில் மரபணுக்கள் புதிதாகக் கலந்திருப்பதால் சிலவாவது தப்பும்.

ஒரு காலத்தில் பெருமளவு ஏற்றுமதியான க்ரோ மிஷெல் வாழை ரகத்தின் நகல்கள் அப்படித்தான் வீழ்ந்தன. பனாமா வாடல் என்னும் பூஞ்சை நோய் அதன் ஏற்றுமதித் தோட்டங்களை அழித்து, 1960-களுக்குள் வணிகத்திலிருந்தே விரட்டியது. அந்த இடத்தில் நட்ட கேவண்டிஷ் ரகமும் நகல்தான். அதைத் தாக்கும் புதிய வாடல் இனம் 2019-ல் கொலம்பியாவையும் எட்டிவிட்டது.

செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சி இணையில்லாமலே பெருகுகிறதே என்று கேட்பீர்கள். உண்மைதான். உணவு நிறையக் கிடைக்கும் மாதங்களில் பெண் பூச்சிகள் மட்டுமே குட்டி போடும். பிறக்கும் குட்டியின் வயிற்றிலேயே அடுத்த தலைமுறை உருவாகிக்கொண்டிருக்கும். ஆனால் குளிர் நாடுகளில் பகல் குறையத் தொடங்கியதும் பெரும்பாலான அசுவினிகள் ஆணையும் பெண்ணையும் பெறுகின்றன. அவை இணைசேர்ந்து இடும் முட்டைதான் குளிர்காலத்தைத் தாண்டும். குளிர் கடுமையில்லாத இடங்களில் சில வகைகள் இணைசேராமலே ஆண்டு முழுக்க ஓட்டிவிடும். ஆக, அசுவினி இணைசேர்வதை அடியோடு விட்டுவிடவில்லை. அசுவினியைக் காட்டி நகல் முறையே மேல் என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள்.

உண்ணும் வாழையில் விதை கிடையாது என்பதால் கலப்பை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். இரண்டு மூன்று ரகங்களைத் தனித்தனிப் பகுதிகளில் நடுங்கள். முன்பு வாடல் வந்த இடமென்றால் அதே ரகத்தை மறுபடி வைக்காதீர்கள், பூஞ்சை பல ஆண்டுகள் மண்ணில் கிடக்கும். அப்புறம், வாடல் கண்ட தோட்டத்திலிருந்து பக்கக்கன்று இலவசமாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.