இரண்டு கம்ப்யூட்டரை ஒரே கேபிளில் இணைப்பது: கேள்வி பதில்

கேள்வி: சார், பழைய கம்ப்யூட்டரில் 200 ஜிபி குடும்பப் படங்கள் இருக்கின்றன. புது லேப்டாப்புக்கு மாற்ற, கம்ப்யூட்டர்களை நடுவில் இருந்து இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் ஏதாவது வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். கேட் 5இ ஈதர்நெட் கேபிள் ஒன்று போதும். ஒரு முனையை இதிலும் மறு முனையை அதிலும் நேராகச் செருகிவிடுங்கள். இரண்டிலும் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட் இருந்து, ஹார்டு டிஸ்க்கும் ஈடுகொடுத்தால் அரை மணி நேர வேலை. ஒன்றில் 100 எம்பிபிஎஸ் போர்ட் என்றால் ஐந்து மணி நேரம் ஆகும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.

கேள்வி: அண்ணா, கிராஸ் கேபிள்தான் வேண்டும் என்கிறார் கடைக்காரர்.

பதில்: முன்பு அப்படித்தான். ஒன்று அனுப்பும் கம்பி மற்றதன் வாங்கும் கம்பியில் சேர வேண்டும் என்பதற்காக, ஒரு முனையில் கம்பி ஜோடிகளை மாற்றி கிரிம்ப் செய்வோம், அதாவது பிளக்கில் அழுத்திப் பொருத்துவோம். கிகாபிட் போர்ட் அதைத் தானே பார்த்துக்கொள்ளும். சாதாரண கேபிளே வாங்குங்கள் தம்பி.

கேள்வி: செருகினேன். ஐபி முகவரி 169.254 என்று ஆரம்பிக்கிறது. கோளாறா?

பதில்: இல்லை. முகவரி கொடுக்க நடுவில் ரவுட்டர் இல்லாததால் விண்டோஸ் தானாக ஒன்றை வைத்துக்கொண்டது. நான் எப்போதும் கையால்தான் கொடுப்பேன்: படங்கள் உள்ள கம்ப்யூட்டருக்கு 192.168.50.1, லேப்டாப்புக்கு 192.168.50.2, சப்நெட் மாஸ்க் இரண்டுக்கும் 255.255.255.0. கேட்வே (வெளியே போகும் வாசலின் முகவரி), டிஎன்எஸ் இரண்டையும் காலியாக விடுங்கள், இன்டர்நெட் வழக்கம்போல வைஃபையில் போகும். வைஃபை ரவுட்டர் எந்த முகவரி வரிசையைப் பயன்படுத்துகிறதோ அதையே கேபிளுக்கும் கொடுத்துவிடாதீர்கள். எந்த வழியில் அனுப்புவது என்று லேப்டாப் குழம்பிவிடும்.

கேள்வி: மற்ற கம்ப்யூட்டர் பதில் தருகிறதா என்று பிங் செய்து பார்த்தேன், போகவில்லை. ஃபயர்வாலை அணைத்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். கேட்வே இல்லாத இணைப்பை விண்டோஸ் 'பப்ளிக்' என்று எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடும். ஈதர்நெட் அமைப்பில் அதை 'பிரைவேட்' என்று மாற்றி, ஃபைல் ஷேரிங்கை ஆன் செய்தால் போதும். கேபிளைக் கழற்றி மாட்டினால் மறுபடி பப்ளிக் ஆகிவிடலாம், அதையும் ஒரு முறை பாருங்கள். அதேபோல, எஸ்எம்பி 1 என்ற பழைய ஃபைல் ஷேரிங் முறையை ஆன் செய்யச் சொன்னால் கேட்காதீர்கள். 2017இல் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் பரவியது அந்த ஓட்டை வழியாகத்தான்.

கேள்வி: ஃபோல்டரைத் திறந்தால் பாஸ்வேர்டு கேட்கிறது. என் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டே கிடையாதே! காலியாக விட்டாலும் ஏற்கவில்லை.

பதில்: நிறைய பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். பாஸ்வேர்டு இல்லாத கணக்கை வைத்து நெட்வொர்க் வழியாக உள்ளே வர விண்டோஸ் விடாது. லேப்டாப்பைத் திறக்கும் பின் நம்பரும் இங்கே செல்லாது. படங்கள் உள்ள கம்ப்யூட்டரில் இதற்கென்றே புதிதாக ஒரு லோக்கல் கணக்கு தொடங்கி, பாஸ்வேர்டு வையுங்கள். ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து, ஷேரிங்கில் அந்தக் கணக்குக்கு மட்டும் படிக்கும் அனுமதி கொடுங்கள். அப்புறம் லேப்டாப்பில் ஃபைல் எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.50.1 என்று அடித்து, அந்தக் கணக்கின் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால் திறந்துவிடும்.

'எவ்ரிஒன்' என்று போட்டு முழு அனுமதி கொடுப்பது சுலபம்தான். எங்கள் வீட்டில் ஒரு முறை அப்படித் திறந்துவைத்து, ஒரு வருடப் படங்கள் அழிந்தன. நெட்வொர்க் வழியாக அழித்தது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. அன்றிலிருந்து, படிக்க மட்டும்தான் அனுமதி.

கேள்வி: இரண்டும் ஏற்கெனவே வைஃபையில் இருக்கின்றனவே, கேபிள் எதற்கு என்று என் மகள் கேட்கிறாள். நான் என்ன சொல்லட்டும் சார்?

பதில்: சின்ன ஃபைலுக்கு வைஃபையே போதும் என்று சொல்லுங்கள். பெரிய அளவு என்றால், ஒவ்வொரு துண்டும் ரவுட்டருக்கு ஒரு முறை, அங்கிருந்து மற்றதற்கு ஒரு முறை என்று காற்றில் இரண்டு தடவை போகிறது. வேகம் பாதியாகிவிடும்.

கேள்வி: இரண்டுமே கிகாபிட். ஆனாலும் நொடிக்கு 12 எம்பிக்கு மேல் ஏறவில்லை.

பதில்: அந்த 12தான் துப்பு. இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் நிற்கிறது; அது மெகாபிட் கணக்கு, எட்டால் வகுத்தால் சுமார் 12 எம்பி. 100க்கு நான்கு கம்பி போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒரு கம்பி சரியாகக் கிரிம்ப் ஆகாவிட்டாலும் இப்படி இறங்கிவிடும். வேறு கேபிள் மாட்டிவிட்டு, ஈதர்நெட் விவரத்தில் வேகம் 1000 என்று காட்டுகிறதா பாருங்கள்.