வீடும் வண்ணமும்: ஹாலுக்கு ரோஸ் அடிக்கலாமா?

கேள்வி: எங்களுடையது மேற்கு பார்த்த பழைய வீடு. ஹால் 10-க்கு 12 அடி. ரெட் ஆக்சைடு தரை, தேக்குக் கதவு. சுவருக்கு வெளிர் ரோஸ் அடிக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. "அது சின்னப் பிள்ளைகள் ரூமுக்கு அடிக்கிற கலர்" என்கிறார் கணவர். ஹாலுக்குப் பொருந்துமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: நன்றாகப் பொருந்தும். தேக்கும் சிவப்புத் தரையும் உள்ள வீட்டில் வெள்ளைச் சுவரைவிட இது எனக்குப் பிடிக்கும். உங்கள் கணவர் மனதில் இருப்பது பஞ்சுமிட்டாய் ரோஸாக இருக்கும். நீங்கள் ஆசைப்படுவது அதுவல்ல. பன்னீர் ரோஜா இதழ் காம்போடு சேரும் இடத்தில் வெளுத்துத் தெரியுமே, அந்த நிறம். வெள்ளையில் வெறும் சிவப்பை மட்டும் கலந்தால் மிட்டாய் நிறம் வந்துவிடும். அதோடு துளி காவியும் துளி கருப்பும் சேர்ந்தால் அடங்கிவிடும். கடையில் ஷேட் கார்டைப் பார்க்கும்போது, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பாருங்கள். லேசான மண் சாயல் தெரிகிற ரோஸை எடுங்கள்.

ஆனால் அந்தக் கார்டை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஸ்ரீரங்கத்தில் என் அம்மா கடைசி வருடங்களில் இருந்த அறைக்கு நான் அப்படித்தான் வாங்கினேன். கார்டில் மென்மையாக இருந்தது. நாலு சுவரும் அடித்து முடித்த அன்று மாலை உள்ளே போனால் கண்ணை உறுத்தியது. ஒரு சுவரில் பட்ட வெளிச்சம் எதிர்ச் சுவருக்குப் போய்த் திரும்பும்போது, ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் ரோஸை ஏற்றிக்கொள்கிறது. அதனால் அறை முழுக்க அடித்தால் கார்டில் பார்த்ததைவிட அழுத்தமாகத்தான் வரும். அப்புறம் இரண்டு படி வெளிறியதை வாங்கி மறுபடி அடித்தோம். காலை வெயில் அந்தச் சுவரில் விழும் நேரத்தில் அம்மாவின் முகத்தில் ஒரு தெளிவு தெரியும். இன்றும் யார் கேட்டாலும் இந்த நிறத்துக்கு நான் பரிந்து பேசுவது அதனால்தான்.

உங்கள் ஹாலில் இன்னும் கவனம் வேண்டும். மேற்கு ஜன்னலில் வரும் மாலை வெயிலே மஞ்சள் கலந்தது. அது சிவப்புத் தரையில் பட்டு எழும்பிச் சுவரின் கீழ்ப்பாதியில் விழும். பீச் சாயல் உள்ள ரோஸ் அடித்தால் மாலை 5 மணிக்கு ஆரஞ்சாகவே தெரியும். ஆகவே மண் சாயல் உள்ளவற்றிலும் சாம்பல் பக்கம் சாய்ந்த, மிக வெளிறிய ரோஸாக எடுங்கள். ராத்திரிக்கு வேறு கதை. 6500 கெல்வின் டியூப் லைட்டின் நீலம் கலந்த வெள்ளை வெளிச்சத்தில் அதே சுவர் லேசான ஊதாவாகத் தெரியும். மஞ்சள் வெளிச்சம் தரும் 3000 கெல்வின் பல்பு ஒன்றிரண்டு போட்டால் நிறம் திரும்பி வரும். எண் பல்பு அட்டைப்பெட்டியிலேயே இருக்கும்.

ஒரு சின்ன டப்பா மட்டும் கலந்து வாங்கி, 2 அடிக்கு 2 அடி அட்டையில் இரண்டு கோட் அடியுங்கள். காலை, மதியம், மாலை, விளக்கு போட்ட பிறகு என்று இடம் மாற்றி மாற்றி வைத்து, இரண்டு மூன்று நாள் பாருங்கள். உங்கள் கணவரையும் பார்க்கச் சொல்லுங்கள். தேக்குக் கதவின் பக்கத்தில் அதை வைத்துக் காட்டினாலே பாதி மனம் மாறிவிடுவார்.

10 அடி உயரம் என்றால் உங்கள் ஹால் சுவர் 440 சதுர அடி. கதவு, ஜன்னல் கழித்து 380 வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கோட்டுக்கு 3 லிட்டருக்குச் சற்று மேல் ஆகும், 4 லிட்டராக ஒரே தடவையில் கலக்கச் சொல்லுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் வெளிர் நிறத்தில் வித்தியாசம் உடனே தெரியும்.

சீலிங்குக்கு நீலம் போட்டதுபோன்ற பளீர் வெள்ளை வேண்டாம், பால் வெள்ளை போதும். நம் வீடுகளில் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்வோம், தலை எண்ணெய் படியும். அதனால் ஹாலுக்குப் பளபளப்பே இல்லாத மேட் பெயின்ட் வேண்டாம், துடைக்கக்கூடிய மெல்லிய பளபளப்பு எமல்ஷன் வாங்குங்கள்.

கேள்வி: படுக்கையறையில் ஒரு சுவரில் மட்டும் உப்பு பூத்து பெயின்ட் உரிகிறது. பொங்கலுக்கு ரோஸ் அடிக்கப் போகிறோம். மறைந்துவிடுமா?
- வாசகர், கடலூர்

பதில்: மறையாது. சில மாதத்தில் புதுப் பெயின்டையும் தள்ளிக்கொண்டு வரும். சுவருக்குப் பின்னால் பாத்ரூம் குழாய் இருக்கிறதா, மாடியில் விரிசல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கசிவை நிறுத்திவிட்டு, பெயின்டுக்கு அடியில் பூசிய பழைய பட்டியைச் சுரண்டி எடுத்து, சுவரைக் காயவிடுங்கள். பொங்கலுக்கு வீட்டைப் புதுப்பிப்பது நம் வழக்கம்தான், ஆனால் வடகிழக்குப் பருவமழையில் டிசம்பர் வரை நனைந்த சுவர் அதற்குள் காய்ந்திருக்காது. மற்ற மூன்று சுவர்களையும் பொங்கலுக்கு அடித்துவிடுங்கள். இந்த ஒன்றுக்கு வேண்டிய பெயின்டை அதே கலவையிலிருந்து எடுத்து, மூடியை இறுக்கி நிழலில் வைத்திருந்து மாசியில் அடியுங்கள்.