பழைய ஆபீஸ் கொம்பியூட்டர் அடிக்கடி நிண்டு போகுது, கடையில மதர்போர்ட் போச்சி எண்டுறாங்க, புதுசு வாங்கக் காசில்ல, என்ன செய்யலாம்?

மதர்போர்ட் போச்சி எண்டு சொன்னவர் பெட்டியைத் திறந்து பாத்தவரா, எதை வச்சி அப்பிடிச் சொன்னவர் எண்டு முதல்ல கேளுங்க. உங்கட கேள்வியில அந்த ஒரு வரியை வாசிச்சதாலதான் இந்தப் பதிலே எழுதுறன். நீங்களும் என்னைப் போல ஏதோ ஒரு சங்கத்திலயோ சின்னக் கந்தோரிலயோ கிளாக்கா இருப்பீங்க, மெசின் நிண்டா ஏச்சு உங்களுக்கு, ஆனா ஒரு வயர் வாங்கிறதெண்டாலும் நிர்வாகசபைக்குக் கடிதம் குடுத்துக் காத்திருக்கோணும்.

நான் கொம்பியூட்டர் படிச்ச ஆள் இல்ல. "இந்தக் காலத்தில பழசைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு எடுங்க" எண்டு கீழ வந்து எழுதப்போற ஆக்களுக்கு முதலே சொல்லுறன், காசு இருந்தா அவரும் இஞ்ச வந்து கேக்கமாட்டார்.

எங்கட சங்கம் களுவாஞ்சிகுடிப் பக்கம், கடன் பகுதி என்ட பொறுப்பு. மெசின் ஐ3 இரண்டாம் தலைமுறை, 4 ஜிபி ராம். மாச முடிவில நிலுவை லிஸ்ட் எடுக்கிற நேரம் பாத்து டப்பெண்டு நிண்டுரும், நீலத்திரையும் வராது, ஒரு எச்சரிக்கையும் வராது, மறுகா தானா ஓன் ஆகும். முகாமையாளர் டவுனுக்குக் கொண்டுபோய்க் காட்டச் சொன்னார். பியோன் தம்பியையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில சிபியு பெட்டியை மடியில வச்சிக்கொண்டு மட்டக்களப்புக்குப் போனன். கடையில இருந்த பொடியன் நான் கேட்ட கேள்விக்கெல்லாம் பதிலை அந்தத் தம்பியைப் பாத்துத்தான் சொன்னான். பொம்பிளை ஒராள் பவர் சப்ளையைப் பத்திக் கேட்டா அவங்களுக்குக் காது கேக்காது போல. அவங்கட மேசையில போட்டா மெசின் நிக்கவேயில்ல, நல்லா ஓடிச்சி. அப்பிடியிருந்தும் மதர்போர்ட் வீக், புதுசு எடுங்க எண்டு கொட்டேசன் ஒண்டை நீட்டினாங்க.

அங்க நிக்காம ஓடுற மெசின் எங்கட கந்தோரில மட்டும் ஏன் நிக்கிது? இதை அந்தக் கடையில ஒருத்தரும் கேக்கல்ல. நான் கேட்டன்.

திரும்பி வந்து ஒரு சீஆர் கொப்பியில மெசின் நிக்கிற நேரமெல்லாம் எழுதத் தொடங்கினன். எத்தனை மணி, என்ன வேலை நடந்தது, பேன் ஓடினதா, மழையா வெயிலா எண்டு எல்லாம். நீங்களும் இதைச் செய்யுங்க, இதுக்கு ஒரு சதமும் போகாது. விண்டோஸ் நடந்ததையெல்லாம் பதிஞ்சி வைக்கிற ஈவன்ட் வியூவரைத் திறந்து பாத்தா கேர்னல் பவர் 41 எண்டு சிவப்பில கிடந்திச்சி. அது மெசின் முறையா நிப்பாட்டப்படாம நிண்டது எண்டு மட்டும்தான் சொல்லும், ஏன் எண்டு சொல்லாது. ஆனா அதுக்குள்ள பக்செக் கோட் எண்டு ஒரு பிழை இலக்கம் இருக்கு, அது 0 எண்டா விண்டோசுக்குப் பிழையைப் பதியவும் நேரம் கிடைக்கல்ல எண்டு அர்த்தம், அப்ப கரண்ட், பவர் சப்ளை, சூடு, இந்தப் பக்கம்தான் கூடுதலாத் தேடோணும். எங்களுக்கு 0.

கொப்பியை வாசிக்க வாசிக்க விசயம் வெளிச்சமாகிச்சி. கிட்டத்தட்ட எல்லாமே பிரிண்ட் குடுத்த நேரம். பிரிண்டர் லேசர் பிரிண்டர், அதையும் ஆரோ மெசின்ர யூபிஎஸ்ஸில (கரண்ட் போனா கொஞ்ச நேரம் பற்றரியில ஓட்டுற பெட்டி) சொருகி வச்சிருந்தாங்க. லேசர் பிரிண்டருக்குள்ள டோனரை உருக்கிப் பேப்பரில பிடிக்க வைக்கிற ஹீட்டர் ஒண்டு இருக்கு, அது ஏறத்தாழ 200 பாகைக்குச் சூடாகும், அந்த நேரம் பல நூறு வாட் இழுக்கும். யூபிஎஸ்ஸில 650 விஏ எண்டு போட்டிருந்தாலும் உண்மையில 350, 400 வாட்டுக்குள்ளதான் தாங்கும். வீட்டில தண்ணி மோட்டர் போட்டா லைட் மங்குமே, அப்பிடி பிரிண்டர் இழுக்கிற நேரம் வோல்டேஜ் விழ, யூபிஎஸ் பற்றரிக்கு மாறுது, பற்றரி எப்பவோ செத்துப்போச்சி, மெசின் நிண்டுருது. யூபிஎஸ் பற்றரி நல்லாப் பாவிச்சாலே 3 தொடக்கம் 5 வருசம்தான், எங்கட வெக்கைக்கு அதுவும் குறையும். பிரிண்டரைச் சுவரில இருக்கிற வேற பிளக் பொயின்டுக்கு மாத்தினன், யூபிஎஸ்ஸுக்கு 12 வோல்ட் 7 ஏஎச் பற்றரி ஒண்டு மட்டும் வாங்கிப் போட்டம். டப்பெண்டு நிக்கிறது அதோட சரி.

இந்தப் பற்றரிக் காசுக்கு நான் பட்ட பாடு. அதே மாசம் எங்கட கட்டடத்துக்குப் பெயின்ட் அடிச்சதுக்கு ஒரு விழா வச்சாங்க. பந்தல், பொன்னாடை, வந்த ஆக்களுக்கெல்லாம் நினைவுச்சின்னம், மைக் செட், அதுக்கெல்லாம் ஒரே கூட்டத்தில அனுமதி. அங்கத்தவர்ர கணக்கு முழுக்கக் கிடக்கிற மெசினுக்கு ஒரு பற்றரி கேட்டா அடுத்த கூட்டத்தில பாப்பம். திருத்த வேலைக்கெண்டு வருசத்துக்கு ஒரு தொகையை ஒதுக்கி வைங்க எண்டு எத்தனை தரம் எழுதிக் குடுத்தாச்சி. கேள்விக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லத்தான், ஆனா சொல்லாம இருக்க ஒண்ணா.

உங்கட மெசினும் இதேதான் எண்டு நான் சொல்லல்ல. நிக்கிற விதத்தைப் பாருங்க. நீலத்திரை வந்து நிண்டா அதில உள்ள எழுத்தைப் போனில படம் எடுங்க, ராம், டிரைவர், டிஸ்க் எதுவும் இருக்கலாம். ராமைக் கழட்டி பொன்னிறப் பல்லைப் பென்சில் அழிக்கிற ரப்பரால மெதுவாத் துடைச்சித் திருப்பிப் போடுங்க. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, உப்புக் காத்து இஞ்ச எல்லாத்தையும் தின்னும். மறுகா ராமைச் சோதிக்க மெம்டெஸ்ட்86 பிளஸ் எண்டு ஒரு சொப்ட்வெயார் இலவசமா இருக்கு, அதைப் பென்டிரைவில போட்டு இரவு முழுக்க ஓட விடுங்க, ஒரு பிழை வந்தாலும் அந்த ராம் வேணாம். வேலை செய்யச் செய்ய அரை மணித்தியாலத்தில நிக்கிதெண்டா சூடு, பேனில தூசி அடைச்சிருக்கும், பிராசசருக்கு மேல பூசின பேஸ்ட் காஞ்சிருக்கும். மதர்போர்டில உள்ள சின்ன உருளைகள்ர தலை உப்பியிருந்தா அப்ப நானும் மதர்போர்ட் எண்டுதான் சொல்லுவன். பெட்டியைத் திறக்க முதல் வயரைக் கழட்டுங்க, பவர் சப்ளையை மட்டும் ஒருநாளும் பிரிக்காதீங்க, கழட்டி வச்ச பிறகும் உள்ள கரண்ட் நிக்கும்.

நிக்காம அப்பிடியே உறைஞ்சி, டிஸ்க் லைட் எரிஞ்சிக்கொண்டே இருந்தா வேற எதையும் தொட முதல் பைலை எல்லாம் வெளியில கொப்பி பண்ணுங்க. டிஸ்க்கின்ர நிலையைக் காட்டுற கிறிஸ்டல் டிஸ்க் இன்போ எண்ட சொப்ட்வெயாரைப் போட்டுப் பாத்து, ரீஅலொகேட்டட் செக்டர் (பழுதாகி மாத்தின இடம்), பெண்டிங் செக்டர் (பழுதோ எண்டு சந்தேகமான இடம்) கூடிக்கொண்டு போனா அந்த டிஸ்க்கை நம்ப ஒண்ணா. இருக்கிற காசில பழைய டிஸ்க்குக்குப் பதிலா ஒரு சின்ன எஸ்எஸ்டி வாங்கிறதுதான் அப்ப புத்தி. போர்மட் பண்ண எண்டு ஆராவது சொன்னா பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துரு பான்ட் பைலையும் மறக்காம எடுத்து வைங்க, இல்லாட்டி பழைய கடிதமெல்லாம் திறந்தா ஆங்கில எழுத்துக் குவியலாத்தான் தெரியும்.

விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஓட ஆதரவு முடிஞ்சிது, இந்த வயசு மெசினுக்கு 11 முறையாப் போடவும் ஏலாது, அதுவும் எனக்குத் தெரியும். விண்டோசுக்குப் பதிலா லினக்ஸ் போடுங்க எண்டுறவங்கட கணக்கு சொப்ட்வெயார் அதில ஓடினா அவங்க தாராளமாப் போடட்டும், எங்கடது ஓடாது. கணக்கு மட்டும் பாக்கிற மெசினெண்டா இன்டர்நெட்டைக் கழட்டி வச்சிட்டுப் பாவிங்க, மெயிலைப் போனில பாருங்க.

நிக்கிற நேரம் என்ன செஞ்சிக்கொண்டிருந்தீங்க, யூபிஎஸ்ஸில என்னென்ன சொருகியிருக்கு, இந்த ரெண்டையும் எழுதுங்க, பாத்துச் சொல்லுறன்.