வானத்தில் ஏன் பட்டை விழுகிறது?

கேள்வி: 10 பிட்டில் எடுத்த மாலை வானக் காட்சியை ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற வீடியோ எஃபெக்ட் மென்பொருளில் இம்போர்ட் செய்து ப்ளர் போட்டால், பட்டை பட்டையாகத் தெரிகிறது. ஏன்?

பதில்: காட்சியில் குறையில்லை. உங்கள் புராஜெக்ட் 8 பிட்டில் இருக்கிறது. அதில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள்தான். மெல்ல நிறம் மாறும் வானத்துக்கு அது போதவே போதாது. புராஜெக்ட் பேனலின் அடியில் ‘8 பிபிசி’ (ஒவ்வொரு வண்ணத்துக்கும் 8 பிட்) என்றிருக்கும். ஆல்ட் விசையை (மேக்கில் ஆப்ஷன்) அழுத்தியபடி அதை க்ளிக் செய்தால் 16 ஆகும். 32,768 படிகள் கிடைக்கும். இன்னொரு க்ளிக்கில் வரும் 32 பிட், இஎக்ஸ்ஆர் (ஒளி அளவை விரிவாகச் சேமிக்கும் கோப்பு வகை) படங்களுக்கும் பளீரென்ற ஒளிக்கும்தான் தேவை. மெமரியையும் நிறைய விழுங்கும்.

எஃபெக்ட் பெயருக்குப் பக்கத்தில் எச்சரிக்கைக் குறி தெரிந்தால், அந்த எஃபெக்ட் இந்த டெப்த்தில் (பிட் அளவில்) வேலை செய்யாது, குறைந்த பிட்டில்தான் கணக்கிடும். வேறு எஃபெக்ட் போடுங்கள்.

ரெண்டரில் பலர் கோட்டை விடுகிறார்கள். அவுட்புட் மாட்யூலில் (ரெண்டர் கோப்பின் வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் இடம்) புரோரெஸ் 422 எச்க்யூ என்ற 10 பிட் வடிவத்தையும், டெப்த்தில் ‘ட்ரில்லியன்ஸ் ஆஃப் கலர்ஸ்’ என்பதையும் தேர்ந்தெடுங்கள். 8 பிட் எச்.264இல் எடுத்தால் பட்டை திரும்ப வந்துவிடும்.