கூடுதல் விளக்குகள் பொருத்தியபின் செல்ஃப் ஸ்டார்ட் ‘டிக்’ என்று மட்டும் ஒலிப்பது ஏன்?

பைக்கில் கூடுதல் விளக்குகளையும் ஹாரனையும் நீங்களே பொருத்திய பிறகு, ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் ரிலேயின் (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்சின்) ‘டிக்’ ஒலி மட்டுமே கேட்கிறது என்கிறீர்கள். அந்த ஒலி வருவதால், ஸ்டார்ட் ஆவதைத் தடுக்கக்கூடிய கிளட்ச், சைடு ஸ்டாண்டு சுவிட்சுகளைப் பெரும்பாலும் சந்தேகிக்க வேண்டியதில்லை; ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போதிய மின்னோட்டம் செல்லவில்லை என்றே கருதலாம்.

மல்டிமீட்டரை (வோல்ட் அளக்கும் கருவியை) பேட்டரியின் முனைகளில் வைத்துப் பாருங்கள். ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டிவிட்டு, பொத்தானை அழுத்தும்போது 10 வோல்ட்டுக்கும் வெகுவாகக் கீழே சரிந்தால் பேட்டரி வலுவிழந்திருக்கக்கூடும். சற்றும் சரியாமல் நின்றால், வயர் சேர்ப்பதற்காக நீங்கள் கழற்றிய முனைத் திருகோ எர்த் இணைப்போ (பேட்டரியின் நெகட்டிவ் முனையை வண்டியின் உலோகப் பகுதியோடு சேர்க்கும் வயரோ) தளர்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம். பெயிண்ட்டின் மேல் எர்த் வயரை முடுக்கியிருந்தால், உலோகம் தெரியும்வரை சுரண்டிவிட்டு மீண்டும் முடுக்குங்கள். இந்தத் தவறு மிகச் சாதாரணமாக நிகழ்வது. புதிய விளக்குகளை ஃப்யூஸுடன் தனி ரிலே வழியாக, சாவியை அணைத்தால் அவையும் அணையும்படி இணைப்பது அவசியம்.